குழந்தை அழுகிற இடம்

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சு வைக்க முடியுமா? இல்ல இல்ல, நிறுத்த வேண்டாம், நீங்க பாருங்க. ஒங்க போனு, ஒங்க கண்ணு, பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுக்காரன், சொல்லுததுக்கு நான் யாரு? அந்தப் படத்துப் பாட்ட என்னால கேக்க முடியல, அதான். ‘ஏழு வாசல் வீடு’தான இது? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு.

புத்தகம் வாசிச்சிருக்கீங்களா? இல்லையா? அப்ப நிம்மதியாப் பாருங்க. வாசிக்காதவனுக்கு ஒரு தொல்லையும் கிடையாது. வாசிச்சவன்தான் செத்தான்.

நான் கோவில்பட்டி, தம்பி. ஈ.பி.யில வீடு வீடாப் போயி மீட்டர் கணக்கெடுக்கிற வேலை பாத்தவன். ரிட்டயர் ஆகி வருசக்கணக்காச்சு. லைப்ரரியில புத்தகம் எடுக்காத வாரம் என் ஆயுசுல கிடையாது. நான் வாசிச்ச கதை எது படமா வந்தாலும் மொத நாளே போயி உக்காந்துருவேன். எதுக்குங்கீங்க? திட்டுததுக்குத்தான். சும்மா சொல்லல. புத்தகத்துல கெணறுன்னு இருக்கும், இவன் நீச்சல்குளத்தக் காட்டுவான். புத்தகத்துல அவ கறுப்பு, இவன் மைதா மாவு மாதிரி ஒருத்தியக் கொண்டாந்து நிறுத்துவான். புத்தகத்துல அவ அப்பன் இருமி இருமிச் சாவான், படத்துல லாரி அடிச்சுச் சாவான். லாரி அடிச்சாத்தான் சண்டை வைக்க முடியும், இருமலுக்கு யாரப் போட்டு அடிக்க? தியேட்டர்லயே வாய்விட்டு வைவேன். முன்சீட்டுக்காரன் திரும்பித் திரும்பிப் பாப்பான். பாக்கட்டும். எழுதினவன் கண்ணு முழிச்சு உக்காந்து எழுதியிருக்கான், அத மாத்த நீ யாருல? ஒரு எழுத்து மாத்தலாமா? அது ஒண்ணுதான் தம்பி எனக்குப் பொறுக்காது.

என் வீட்டுக்காரி பேரு சண்முகவடிவு. வடிவும்பேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சின்னதுலயே தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பிட்டாங்க, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கல. ஆனா கதைன்னா உசிரு. கல்யாணமான புதுசுல, வெளக்கு வச்சதும் வீட்டுல உக்காந்து தீப்பெட்டி ஒட்டுவா, நான் பக்கத்துல சேரப் போட்டு வாசிப்பேன். குரல மாத்தி மாத்தி வாசிப்பேன், தம்பி. கெழவன்னா கெழவன், கொமரின்னா கொமரி. அவ கை பாட்டுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும், வாய் தொறந்தபடி இருக்கும். ஊருல எத்தன பேரு பொண்டாட்டிக்கு வாசிச்சுக் காட்டுதான், சொல்லுங்க? குடிச்சிட்டு வந்து மிதிக்கிறவன்தான் எங்க தெருவுல பாதி. நான் ஒரு நாள் கை நீட்டினது கிடையாது.

ஊருக்குள்ள பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்கல்ல, அப்ப அவளும் போறேன்னா. ‘எதுக்கு வடிவு, நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஒனக்கு எந்தக் கதை வேணும் சொல்லு’ன்னேன். போகல. சொன்னாக் கேப்பா.

வாசிச்சதுலயே அவளுக்கு ரொம்பப் பிடிச்சது இந்தக் கதைதான். பாதி பாத்துட்டீங்க, ஒங்களுக்கே தெரியும். மங்களநாயகின்னு ஒரு பொம்பள. பெரிய வீடு, ஏழு வாசல். புருசன் அடிக்க மாட்டான், வைய மாட்டான், ஆனா ஒனக்கு என்ன வேணும்னு ஒரு நாளும் கேக்க மாட்டான். எல்லாம் அவன் வச்சதுதான் சட்டம். அப்பேர்ப்பட்ட வறண்ட பய! நான் ஆபீஸ்ல வச்சே முன்கூட்டிப் பக்கங்களப் பாத்து வச்சுக்கிடுவேன், குரல் போட வசதியா இருக்கும்லா. அப்படிப் பாத்தா, கடைசியில அவ கைக்குழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு ஏழு வாசலையும் தாண்டி நடக்கா. ஆத்துப் பாலத்துல ஏறிப் போயிருதா. போனவ போனவதான். கதை முடிஞ்சுபோச்சு.

ஐயையோ, இது நம்ம வீட்டுக்கு ஆகாதேன்னு பட்டுது. அப்பத்தான் அவ எங்கூடச் சண்டை போட்டுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயி, நான் போயி கூட்டியாந்திருக்கேன். அந்த நேரத்துல இதையா வாசிக்கிறது? அதனால ஒரு சின்னத் திருத்தம் பண்ணினேன். பெரிசா ஒண்ணுமில்ல. மங்களநாயகி ஏழாவது வாசல் வரைக்கும் வாரா. அங்க வச்சுக் குழந்தை முழிச்சு அழுகுது. கையில இருந்த கிலுகிலுப்பை கீழ விழுது. அப்பாகிட்டப் போவணும்னு வீட்டப் பாத்துக் கைய நீட்டுது. அவ நிக்கா. ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பிருதா. முற்றும். நல்லாருக்குல்ல? வடிவு பசைக் கையோட மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதா. எழுதினவனே இப்படி எழுதியிருக்கலாம். இன்னைக்கும் நான் அதான் சொல்லுவேன்.

திரும்பத் திரும்ப அதையே வாசிக்கச் சொல்லுவா. ஒரு தடவ நான் கிலுகிலுப்பைய மறந்துட்டேன். விட்டாளா? ‘ஏங்க, கிலுகிலுப்பை விழணும்லா, ஒரு வரிய விட்டுட்டீங்க பாருங்க’ங்கா. ஏ யப்பா! நான் போட்ட வரி, அத நானே விட்டுட்டேன்னு புடிக்கா. அன்னைக்கெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கல.

எங்களுக்கு ஒரே மக. கோமதி. கோமும்போம். அது எங்க ஆளுகள விட்டுட்டு அந்தோணின்னு ஒரு பையனக் கட்டிக்கிட்டுத் தூத்துக்குடிக்குப் போயிட்டுது. அவனுக்கு ஹார்பர்ல வேலை. போனது போனதுதான், இனி நமக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்லன்னு சொல்லிட்டேன். வேற எந்த அப்பன் என்ன சொல்லிருவான்? வடிவு ஒண்ணும் எதுத்துப் பேசல. பேசல, ஆனா சோத்தக் கொறைச்சுட்டா.

ஒரு நாள் காலையில அந்தோணி வந்து வாசல்ல நிக்கான். நான் உள்ள கூப்பிடல, அவனும் வரல. கோமு மாசமா இருந்திருக்கு, எங்களுக்கே அன்னைக்குத்தான் தெரியும். பிரஷர் ஏறி கை காலெல்லாம் வீங்கிப்போச்சாம், பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காம், அம்மா அம்மான்னு பெனாத்துதாம். ‘அத்தைய மட்டும் அனுப்புங்க மாமா, நான் பத்திரமாக் கொண்டாந்து விட்டுருதேன்’ங்கான். நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்தப் புரட்டினேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்னு உள்ள பாத்துச் சொல்லிட்டுப் போனான்.

வடிவு ஒரு பையில ரெண்டு சேலையத் திணிச்சா. என்னையத் தாண்டித்தான் வாசலுக்குப் போனா. ஒரு கால் வெளிய, ஒரு கால் உள்ள. நான் தடுக்கல, தம்பி. இத நல்லாக் கேட்டுக்கிடுங்க, நாளைக்கு யாரும் என்னைய ஒண்ணும் சொல்லீரக் கூடாது. போகாதன்னு ஒரு வார்த்தை என் வாயிலருந்து வரல. பேப்பரத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ நின்னா. ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் சொல்லுதா, எங்கிட்டச் சொல்லல, அவளுக்கே சொல்லிக்கிடுதா. ‘மங்களநாயகியே திரும்பிட்டாளே. அவ படாத பாட்டையா நான் பட்டுட்டேன்?’ அவ்வளவுதான். பைய மூலையில வச்சுட்டு அடுப்படிக்குப் போயி உலை வச்சா.

எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. படிப்புன்னா என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஒரு எழுத்துத் தெரியாதவ ஒரு புத்தகத்த எப்படி மனசுல வாங்கியிருக்கா பாருங்க! பெருமையா இருந்துது. பொய் சொல்லல, பெருமையாத்தான் இருந்துது.

அந்த வாரமே தகவல் வந்துட்டுது. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு.

அதுக்கு யாரு என்ன செய்ய? டாக்டராலயே முடியாததுக்கு வடிவு போயி என்னத்தக் கிழிச்சிருப்பா? அடக்கத்துக்குப் போனோம். நானும்தான் போனேன், வைராக்கியம் பாக்கல. அந்தோணி எங்க பக்கம் திரும்பவே இல்ல. வடிவு கோமு காலப் புடிச்சவ விடல, அங்க இருந்த பொம்பளைகதான் வெரல் வெரலாப் பிரிச்சு விட்டாங்க. என் மக, தம்பி. எனக்கும் அது மகதான். நான் அழல, அவ்வளவுதான்.

அதுக்கப்புறமும் வாசிச்சேன். வாசிக்காம? வேற என்ன இருக்கு எங்களுக்கு? ஆளு இல்லாத வீட்டுல ஏதாச்சும் ஒரு சத்தம் வேணும்லா. தீப்பெட்டி ஒட்டுத வேலை நின்னுபோச்சு, அவ சும்மா கைய மடியில வச்சுக்கிட்டுக் கேப்பா. கதையில யாராவது பேசினா, பதிலுக்கு அவளும் ஒரு வார்த்தை சொல்லுவா. அப்படித்தான் நாங்க பேசிக்கிட்டோம். ஏழு வாசல் வீட்ட மட்டும் அப்புறம் அவ கேக்கல, நானும் எடுக்கல.

அப்பத்தான் இந்தப் படம் வருதுன்னாங்க. பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் வந்து சொல்லுது. எனக்கு ஒரு பயமும் இல்ல. ஏன்னு கேளுங்க. எந்தப் படத்துலயாவது கதாநாயகி வீட்ட விட்டுப் போயிட்டான்னு முடிச்சிருக்கானா? கடைசியில புருசன் ஓடி வருவான், மழை பெய்யும், கட்டிப்புடிப்பாங்க, வீட்டுக்குப் போயிருவாங்க. இவனுக எதத்தான் மாத்தாம விட்டிருக்கானுக? இதையும் மாத்தியிருப்பான்னு நம்பித்தான் போனேன். வடிவு மொதல்ல மாட்டேன்னா. அப்புறம் அவளே சேலைய மாத்திட்டு வந்து நிக்கா. ‘வாங்க போவோம். அந்தப் பிள்ளை அழுகிறத ஒரு தடவ கண்ணால பாத்துருதேன்’னா.

தியேட்டர்ல ரெண்டு பேரும் சேந்து என்னா வசவுங்கீங்க! ‘ஏழு வாசல எங்க காணோம், நாலுதான் இருக்கு’ங்கா. ‘மங்களநாயகிக்கு மூக்குத்தி கிடையாதே, யாரு குத்துனா’ங்கா. புருசனுக்கு மீசை வச்சிருக்கான். ஆத்த எடுத்துட்டு ஏரியப் போட்டுருக்கான். நான் ஒரு பக்கம் தலையில அடிக்கேன், அவ ஒரு பக்கம் அடிக்கா. ரொம்ப நாளைக்கப்புறம் அவ சிரிச்சா, தம்பி. இன்டர்வெல்ல முறுக்கு வாங்கிக் குடுத்தேன், பாதிய ஒடிச்சு எனக்குத் தந்தா.

கடைசிக்கு வருது. அவ குழந்தையத் தூக்கிட்டா. மூணாவது வாசல் தாண்டுதா. புருசன் கட்டில்ல கெடக்கான், எந்திரிக்கலை. மழையையும் காணோம். செருப்பக் கால்ல மாட்டிக்கிட்டேன். ‘வடிவு, கூட்டம் நெரிக்கும், எந்திரி, போவோம்’னேன். ‘இருங்க, இப்பதான பிள்ளை அழும்’னா. கையப் புடிச்சு இழுத்தேன். ஒதறிட்டா. அவ என் கைய ஒதறினது அதுதான் மொத தடவ. எனக்கு அங்க உக்கார முடியல, வெளிய வந்து சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நின்னேன்.

சனமெல்லாம் வெளிய வந்துட்டுது. அவ வரல. உள்ள போயிப் பாத்தா லைட்டப் போட்டுட்டான், கூட்டுத அம்மா வெளக்குமாத்தோட நிக்கா, இவ அதே சீட்டுல, திரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. என்னையப் பாத்ததும், ‘ஏங்க, பிள்ளை அழவே இல்லைங்க. தோள்லயே தூங்கிட்டுது. அவ பாட்டுக்குப் போயிட்டா’ங்கா.

எல்லாத்தையும் மாத்தினான், பாவி. வீட்ட மாத்தினான், ஆத்த மாத்தினான், மீசை வச்சான், மூக்குத்தி குத்தினான். எத மாத்தணுமோ அத மட்டும் புத்தகத்துல இருக்கிற மாதிரியே எடுத்து வச்சிருக்கான்! இத எங்க போயிச் சொல்ல?

‘படத்துக்காரன் மாத்திட்டான், வடிவு, நாசமாப் போறவன்’னேன். நம்பினா. நான் சொன்னா நம்புவா. என்னையவிட அவளுக்குத்தான் ஆத்திரம். பால்காரன்கிட்டச் சொல்லுதா, தண்ணிக் கொழாயடியில சொல்லுதா, ‘ஒரு நல்ல கதையக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டான்’னு. விட்டுருக்கலாம். எஸ்தர் டீச்சர்கிட்டயும் போயிச் சொல்லியிருக்கா. அது புத்தகம் வாசிச்ச பொண்ணு. ‘இல்லையே ஆச்சி, புத்தகத்துலயும் போயிரத்தான செய்வா’ன்னு அது சொல்ல, ‘ஒனக்கு மறந்துபோச்சு தாயி’ன்னு அவ சொல்ல, டீச்சர் அலமாரியிலருந்து புத்தகத்த எடுத்துக் கடைசி அத்தியாயத்த வாசிச்சுக் காட்டியிருக்கு. கிலுகிலுப்பை எங்கன்னு கேட்டாளாம். கிலுகிலுப்பைன்னு புத்தகத்துலயே கிடையாது ஆச்சின்னுட்டுதாம். அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும், பாவம்.

வீட்டுக்கு வந்தா. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். எதுக்க உக்காந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ‘நான் பையத் தூக்கிட்டு வாசல்ல நின்னப்ப, மங்களநாயகி திரும்பலன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?’

என்ன கேள்வி இது? கதைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? யாரோ ஒருத்தன் காசுக்கு எழுதின கதை. ‘கதைதான வடிவு’ன்னேன். சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

அன்னையிலருந்து புடிச்சுது சனியன். நான் வாசிச்ச ஒவ்வொரு கதையாக் கேக்கா. அந்தக் கப்பல்காரன் நெசமாவே செத்தானா? அந்த வாத்தியாரம்மா கடைசியில கல்யாணம் பண்ணிக்கிட்டாளா, அதையும் நீங்கதான் பண்ணி வச்சீங்களா? சத்தியமாச் சொல்லுதேன், மத்ததுல நான் பெரிசாக் கை வைக்கல. அங்கங்க ரெண்டு இடத்துல, வீட்டுப் பொம்பளைக்கு வேண்டாம்னு பட்டத விட்டுருப்பேன். அவ்வளவுதான். சொன்னா நம்ப மாட்டேங்கா. எழுத்துச் சொல்லித் தா தாயி, நானே பாத்துக்கிடுதேன்னு டீச்சர்கிட்ட சிலேட்டோட போயி உக்காந்தா. இந்த வயசுல! எழுத்து கண்ணுக்கே சிக்கல. ஆஸ்பத்திரியில காட்டினா, சக்கரை கண்ணத் தின்னுட்டுது, ஆளு தெரியும், சினிமாத் திரை தெரியும், எழுத்து இனி தெரியாதுன்னுட்டாங்க. டீச்சருக்கும் வேற ஊருக்கு மாத்தலாயிட்டுது. சிலேட்டு மூலையில கெடக்கு.

நானும் எத்தன நாளுதான் பொறுப்பேன்? நேத்துச் சாயந்திரம் அந்தப் புத்தகத்த எடுத்துக்கிட்டு அவ பக்கத்துல போயி உக்காந்தேன். ‘வடிவு, இன்னைக்கு ஒரு எழுத்து மாத்தாம வாசிக்கேன். கோமு மேல சத்தியமா, அவன் எழுதியிருக்கிறத அப்படியே வாசிக்கேன்’னேன். எவன் இப்படி எறங்கி வருவான், சொல்லுங்க? குரல்கூடச் சரி பண்ணிக்கிட்டேன்.

அவ கோவப்படல. கோவப்பட்டாக்கூடத் தேவலைன்னு இருந்துது. சாதாரணமாச் சொல்லுதா, ‘வேண்டாங்க. நீங்க வாசிச்சா அது என்ன கதைன்னு எனக்கு எப்படித் தெரியும்?’

என்னால தாங்க முடியல, தம்பி. வாசிச்சதெல்லாம் போச்சு. கல்யாணமான நாள்லருந்து தொண்டத் தண்ணி வத்த வாசிச்சது எல்லாம் போச்சு. காலையில ஒரு பையில வேட்டி சட்டையப் போட்டேன். போறேன்னு சொன்னா ஒரு பதறு பதறுவான்னு நெனச்சேன். எங்கங்க, எதுக்குங்க, இந்த வயசுலயான்னு ஒரு வார்த்தை. ‘நான் போறேன் வடிவு, இனி வர மாட்டேன்’னு நல்லாச் சத்தமாச் சொன்னேன். அவ புளி கரைச்சுக்கிட்டு இருந்தா. தலையத் தூக்கல. ‘கதவச் சாத்திட்டுப் போங்க, நாய் வந்துரும்’னா.

சாத்திட்டுத்தான் வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் இதுல ஏறிட்டேன். கண்டக்டர் எங்க போவணும்னு கேக்கான். நீங்க மதுரைன்னீங்க. நானும் அதையே சொல்லிட்டேன். மதுரையில எனக்கு யாரையும் தெரியாது, தம்பி. மாட்டுத்தாவணியில எறங்கி நீங்க எந்தப் பக்கம் போவீங்க?